விலிகேசா கொடுத்த பதினோரு நிமிஷம்

வுனிவோய் ஊரில் செவ்வாய்க்கிழமை தொட்டு ஞாயிற்றுக்கிழமை வரை மத்தியானம் பன்னிரண்டு மணி ஆனால் போதும், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சார்ஜெண்ட் விலிகேசா மரவள்ளித் தோட்டத்தில் இருந்தாலும் சரி, இடுப்பளவு தண்ணீரில் வலை விரித்துக்கொண்டிருந்தாலும் சரி, கால் இரண்டும் அவனைக் கேட்காமல் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஈர உடம்பின்மேலேயே பழைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, கூடத்தில் விரித்த தாழம்பாயின் நடுவில் போய் நின்று, வாசலைப் பார்த்து வலது கையை உள்ளங்கை தெரிய உயர்த்தி, ஒன்பது நிமிஷம் இமைகூடக் கொட்டாமல் நிற்பான். பிறகு கையை இறக்கி, பாயின் ஓரத்தில் படுத்து, பாயைத் தன்மேல் இழுத்துக்கொண்டு உருண்டு உருண்டு தலையும் காலும் தெரியாமல் சுருண்டுவிடுவான். பதினோராவது நிமிஷம் முடிந்ததும் பன்னிரண்டு விநாடி முகத்தை வெளியே நீட்டி மூச்சு வாங்குவான். மறுபடி எழுந்து நடுவில் நிற்பான். சாயங்காலம் ஏழு மணிக்குள் முப்பத்தேழு தடவை.

இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊரில் கேட்பார்கள். ஃபிஜியின் வடக்குத் தீவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாற்பது வீட்டு ஊர் அது; பெண்கள் தாழை ஓலையை வேகவைத்துக் காயப்போட்டு வார்ந்து பாய் பின்னுவார்கள், ஆண்கள் வயசு வந்ததும் பட்டாளத்துக்குப் போவார்கள், எல்லா வீட்டுச் சுவரிலும் யாராவது ஒருத்தர் தொப்பி போட்டு முறைத்துக்கொண்டிருப்பார். விலிகேசாவின் மருமகள் அவனிடம் ஒன்று கேட்டாள், அவன் கொடுத்தான், அவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதானே விஷயம்?

மருமகள் என்றால் அக்காள் மகள், பெயர் லோசலினி. கடல் தாண்டி ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய நகரத்தில் வளர்ந்தவள். அவள் படம் எடுப்பவள், ஆனால் தியேட்டருக்கு எடுக்கிறவள் இல்லை. கலைக்கூடத்துச் சுவரில் ஓடுகிற படம், கதை கிடையாது, பாட்டு கிடையாது, முடிந்ததும் தானே முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும், பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இந்த ஊரில் பெண் கையில் ஓலையும் ஆண் உடம்பில் யூனிஃபார்மும் பிறந்ததுமே வந்து ஒட்டிக்கொள்கிறதே, இரண்டையும் ஒரே படச்சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமா, உங்கள் நேரத்தில் கொஞ்சம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டாள்.

இங்கேதான் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காள் தங்கை பெற்ற பிள்ளையை அங்கே வாசு என்பார்கள். வாசு வந்து கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது, படகு கேட்டால் படகு, பன்றி கேட்டால் பன்றி, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற பேச்சே கிடையாது, கேட்டால் மூன்று தலைமுறைக்கு நாக்கில் புண் வரும் என்பார்கள். ஊருக்கு பஸ் ஓட்டிவரும் சின்னக்கண்ணு, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த தமிழ் ஆட்களின் பேரன், இதைக் கேட்டுவிட்டு, எங்க ஆளுங்களிலயும் தாய்மாமன்தான் எப்பவும் மாட்டிக்குவான் என்று சிரித்தான். விலிகேசா சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. தானாகவே, பதினோரு நிமிஷம் எடுத்துக்கொள் என்றான். பத்து இல்லை, பதினைந்து இல்லை, அதென்ன பதினோரு கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்பதையும் அவள் சொல்லவில்லை. கேமராவை வைத்துவிட்டு, உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள் மாமா என்றாள். அவன் பாயில் ஏறி நின்று கையை உயர்த்தினான்.

அந்தப் பாயைப் பின்னிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி தோரிகா. சட்டத்தின் மூலையில் அவளுடைய இரண்டு கையும் ஓலையும் மட்டும் தெரியும். ஓரம் மடக்கவில்லை, ஓலை நுனிகள் மயிர் மாதிரி விரிந்து கிடந்தன. ஓரம் மடக்காத பாயில் யாரும் மிதிக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். இப்படியே அழகாக இருக்கிறது அத்தை, இப்படியே இருக்கட்டும் என்றாள் லோசலினி. வாசு சொன்னால் மாமன் பெண்டாட்டிக்கு மட்டும் மறுவார்த்தை உண்டா என்ன. தோரிகா குனிந்து ஓலையைப் பின்னத் தொடங்கினாள்.

லோசலினி ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போய் ஒரு மாசத்தில் கலைக்கூடத்தில் கண்காட்சி திறந்தார்கள். அங்கே காலை பத்து மணிக்குக் கதவு திறந்தால் இங்கே மத்தியானம் பன்னிரண்டு. திங்கள்கிழமை அங்கே விடுமுறை. படம் அந்தச் சுவரில் ஓட ஓட, விலிகேசா இந்தப் பாயில் ஓடினான்; அங்கே படம் முடிந்து மறுபடி தொடங்கப் பன்னிரண்டு விநாடி ஆகும், அதுதான் இங்கே அவன் மூச்சு வாங்குகிற நேரம்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாதிரியார் மத்தியான ஜெபக் கூட்டத்தைக் காலைக்கு மாற்றினார். சார்ஜெண்ட் கை தூக்குவது ஆசீர்வாதம் என்று பிரசங்கத்தில் சொன்னார். அது ஆசீர்வாதம் இல்லை, பட்டாளத்தில் 'நில்' என்பதற்கு அடையாளம் என்றார் ஊர்த்தலைவர், அவரும் பட்டாளத்துக்காரர். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஊர் ஜனம் ஊர்த்தலைவர் பக்கம் சாய்ந்தது. விலிகேசாவின் வாசலுக்கு நேர் எதிரேதான் கடற்கரைப் பாதையும் பஸ் திரும்புகிற இடமும் இருந்தன. ஒரு சார்ஜெண்ட் கை தூக்கி நில் என்று சொல்லும்போது, அவர் எதிரே நம்பாட்டுக்கு நடந்துபோவது என்ன மரியாதை? ஆகவே நின்றார்கள். மீன் கூடையோடு வந்தவள் நின்றாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்றார்கள், சண்டை போட்டுக்கொண்டு வந்த அண்ணன் தம்பிகூட வாயை மூடிக்கொண்டு நின்றார்கள், சின்னக்கண்ணு பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். கை இறங்கி, அவன் படுத்துச் சுருளுகிற அந்த இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் குடுகுடுவென்று கடந்து போவார்கள். கரும்பு ரயிலுக்குக் கேட் போட்ட மாதிரிதான். சர்ச்சுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தது, அதில் யாரும் போகவில்லை. பிறகு அந்தக் கையை வைத்தே நேரம் சொல்ல ஆரம்பித்தார்கள். கிழங்கு மூன்று கை வேகட்டும் என்றார்கள், நான்கு கைக்கு அப்புறம் வா என்றார்கள்.

கடல் தாண்டிப் போன சொந்தக்காரர்கள் கலைக்கூடத்துக்குக் கூட்டமாகப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள். விலிகேசா இளைத்துவிட்டானே, வீட்டில் சோறு போடுகிறாளா இல்லையா என்று கேட்டார்கள். ஒரு சித்தி தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனைத் தட்டில் வைத்துச் சுவர் முன்னால் கொண்டுபோய் நீட்ட, காவலாளி அவளை வெளியே கொண்டுபோய் விட்டானாம். ஊரே சிரித்தது. எவ்வளவு பெரிய கௌரவம், எத்தனை ஆயிரம் பேர் நம் ஆளைப் பார்க்கிறார்கள் என்று தோரிகாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

தோரிகாவுக்குக் கௌரவம் தேவையில்லை. மூன்று தடவை அவன் மணல் நாடு ஒன்றுக்கு, யாரோ இரண்டு பேர் சண்டைக்கு நடுவே காவல் நிற்கப் போனபோது, மொத்தம் ஐந்து வருஷம் காத்திருந்தவள் அவள். கடைசியாகத் திரும்பி வந்தவன் வலை பின்னினான், கூரை வேய்ந்தான், உப்பு கேட்டான், வேறு ஒன்றும் பேசவில்லை. ராணுவத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், வெயில் என்பான். சரி, மெதுவாக வரும், மனுஷன் உடம்பு முதலில் வரும் பிறகு மனசு வரும் என்று இரண்டு வருஷம் பொறுத்திருந்தாள். அதற்குள் இந்தப் பதினோரு நிமிஷம் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு என் புருஷன் வேண்டும், அந்தப் பதினோரு நிமிஷம் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் என்று பாதிரியாரிடம் சொல்லி அழுதாள். பாதிரியார் ஜெபம் செய்தார், கை இறங்கும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிப் பக்கத்து வீட்டில் ஒளித்துவைத்தாள். அவன் வெறும் தரையில் நின்றான், வெறும் தரையில் படுத்தான், இல்லாத பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உருண்டான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பாயைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஓரம் மடக்காத பாவம்தான் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று பாய் பின்னுகிற பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். திங்கள்கிழமை நான்கு பேராக உட்கார்ந்து ஓரம் முழுக்க மடக்கி, சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளி நூல் குஞ்சம் வைத்து முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவன் குஞ்சம் வைத்த பாயில் ஏறி நின்றான். கடைசியில், நாக்கில் புண் வந்தால் வரட்டும் என்று திமிங்கலப் பல் ஒன்றைக் கடன் கேட்டு வாங்கி, இரண்டு கையிலும் ஏந்தி, லோசலினிக்குப் போனில் முகம் தெரிய வைத்துக் காட்டினாள். அந்த ஊரில் திமிங்கலப் பல்லை ஏந்தி ஒருத்தர் கேட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். லோசலினி பொலபொலவென்று அழுதுவிட்டாள். நான் வாங்கியதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேனே அத்தை, அது என் கையில் இல்லையே, கண்காட்சி முடிகிறவரை இறக்கமாட்டார்கள் என்றாள். எப்போது முடியும் என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. கூட்டம் வருகிறது, நீட்டிக்கொண்டே போகிறார்கள் என்றாள்.

ஆனால் ஒன்று இருந்தது, அதை தோரிகா யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு விநாடியில்தான் அவள் அவனுக்கு ஒரு துண்டுக் கிழங்கோ ஒரு வாய்த் தண்ணீரோ கொடுப்பாள். ஆரம்பத்தில் ஒருநாள் கிழங்கை வாயருகே கொண்டுபோனபோது, அவன் வாயைத் திறந்தது தின்பதற்கு இல்லை.

"மத்தியானம். நல்ல வெயில். ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க," என்றான்.

அதற்குள் எழுந்துபோய் நின்றுவிட்டான். அடுத்த தடவை முகம் வெளியே வந்தபோது இன்னும் ஒரு வரி வந்தது, சில நாள் ஒன்றும் வராது, சில நாள் மூன்று வரி வரும். தோரிகா பாய்க்குப் பக்கத்திலேயே ஓலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கை பாட்டுக்குப் பின்ன, காது பாட்டுக்குக் காத்திருந்தாள். மணல் நாட்டில் ஒரு பாதை, பாதையில் ஒரு தடுப்பு, தடுப்பில் அவன். இரண்டு பெண்கள் ஒரு சுருட்டிய பாயை ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுருட்டின பொருள் எதுவானாலும் ரேடியோவில் கேட்காமல் விடக்கூடாது என்று உத்தரவு. அவன் கையை உயர்த்தினான். ரேடியோவில் கேட்டான். காத்திரு என்றார்கள். சின்னவள் ஏதோ சொன்னாள், அவனுக்கு அந்த பாஷை தெரியாது. இவ்வளவும் வர ஐந்து மாசம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை, "பாய் நடுவில தொய்ஞ்சிருந்தது. பாய்க்காரி புருஷன் நான், எனக்குத் தெரியாதா எது அப்படித் தொய்யும்னு," என்றான். அதற்கு மறுநாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பதினோரு நிமிஷம் என்றான்.

தோரிகாவுக்கு அன்றைக்கு ஓலை கையை அறுத்துவிட்டது.

திங்கள்கிழமைகளில் அவனை மடக்கிப் பார்த்தாள். அப்புறம் என்ன ஆச்சு, அந்தப் பாயில் யார் என்று கேட்டாள். எந்தப் பாய் என்று கேட்டான் அவன், நிஜமாகவே தெரியாதவன் மாதிரி முழித்தான், வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். பாய்க்குள்ளிருந்து வெளியே வருகிற பன்னிரண்டு விநாடியில் மட்டும்தான் அவன் அவளுடைய புருஷன். அவனை அங்கிருந்து மீட்கவும் வேண்டும், அங்கே இருந்தால்தான் அவன் பேச்சும் கிடைக்கும். இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல், அவளும் அவனைப் போலவே அந்தக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள். சந்தைக்குப் போவதை விட்டாள், தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அடுத்த வரிக்காக ஏங்குகிற தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு புதன்கிழமை காலையில் லோசலினி போன் செய்தாள். வேறு ஊரில் வேறு வேலையாக இருப்பதாகச் சொன்னாள், குரல் சந்தோஷமாக இருந்தது, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"இருக்கார்," என்றாள் தோரிகா.

"இப்போ நிம்மதியா இருப்பாரே அத்தை. படத்தை இறக்கி மூணு வாரம் ஆச்சே. உங்க போன் கிடைக்காம, நான் அன்னிக்கே ஊர்த்தலைவர் வீட்டுப் போனுக்குச் சொல்லிட்டேனே, உங்ககிட்ட சொல்லலையா?"

தோரிகா போனை வைத்துவிட்டு ஊர்த்தலைவர் வீட்டுக்கு நேராகப் போனாள். அவர் குடித்துக்கொண்டிருந்த காவா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், சொன்னாள், ஆனால் அதற்கு அப்புறமும் அவன் நிற்கிறானே, அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன் என்றார். ஊரே அதை வைத்து நேரம் பார்க்கிறது தோரிகா, திடீரென்று நிறுத்தச் சொன்னால் எப்படி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கே தெரிந்து தலை குனிந்துகொண்டார்.

மூன்று வாரம். ஒரு சுவரிலும் ஒன்றும் ஓடவில்லை. பதினெட்டு மத்தியானம் அவன் தானாகவே நடந்து வந்து, தானாகவே நின்று, தானாகவே சுருண்டிருக்கிறான்.

அன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கு வந்தான். முதல் சுற்று முடிந்து முகம் வெளியே வந்ததும் அவள் கிழங்கை நீட்டவில்லை.

"அங்கே படத்தை நிறுத்திட்டாங்க. மூணு வாரமாச்சு."

அவன் அவளைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்வை, நெற்றியில் பாயின் தடம்.

"தெரியும்," என்றான். "இன்னும் சொல்லி முடியல."

எழுந்துபோய்க் கையை உயர்த்தினான்.

இரண்டாவது சுற்றில், "உள்ளே ஒருத்தி. உன் வயசு இருக்கும்," என்றான். மூன்றாவதில், தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, மூச்சு இல்லை என்றான். நான்காவதில், அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை, மறுபடி சுருட்டித் தூக்கிக்கொண்டார்கள், பெரியவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள் என்றான். தோரிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக அழுதாள், இவனுக்காக அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதியும் இருந்தது, கடைசி வரி வந்துவிட்டது, இனி ஒன்றும் பாக்கி இல்லை, அடுத்த தடவை எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவான் என்று நம்பினாள். ஒன்பது நிமிஷம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியது, பாய் சுருண்டது, முகம் வெளியே வந்தது.

"மத்தியானம். நல்ல வெயில். ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க."

அதே வார்த்தை, அதே குரல். தோரிகா அவன் எழுந்து போய் நிற்பதைப் பார்த்தாள். இது எந்தச் சுவரிலும் ஓடவில்லை, இதை யாரும் இறக்கமாட்டார்கள் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

உள்ளறைக்குப் போனாள். தங்கை மகள் கல்யாணத்துக்கென்று பின்னி, கொண்டுபோகாமல் வைத்திருந்த பெரிய பாய் சுவரோரம் கிடந்தது. அதைச் சுருட்டிக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கப் பாதைக்கு வந்தாள். பாதையில் வழக்கம்போல ஜனம் நின்றுகொண்டிருந்தது. சின்னக்கண்ணு பஸ்ஸை அணைத்துவிட்டு ஜன்னலில் முழங்கையை வைத்திருந்தான். அவள் நிற்காமல் வருவதைப் பார்த்துவிட்டு, அக்கா, கை மேலே இருக்குக்கா என்று மெதுவாகச் சொன்னான்.

தெரியும் என்றாள். நடந்தாள்.

வாசலுக்கு நேரே கூடத்தில் அவன் நின்றிருந்தான், உள்ளங்கை வாசல் வெளிச்சத்தில் தெரிந்தது. அவன் பார்வை முதலில் அவள் முகத்தில் விழவில்லை, பாயில் விழுந்தது, பாயின் முன் முனையில் தொடங்கி நடுவரைக்கும் வந்து அங்கேயே நின்றது. அந்தக் கைக்கு முன்னால் இத்தனை மாசத்தில் ஒரு நாய்கூட நிற்காமல் போனதில்லை. தான் வளர்ந்ததே நிற்கத்தான், வாசு கேட்டால் நிற்க, பட்டாளம் கூப்பிட்டால் நிற்க, புருஷன் திரும்பி வரும்வரை நிற்க. படியேறிக் கூடத்துக்குள் கால் வைத்தாள். பாயின் முனை அவன் உள்ளங்கையில் இடித்தது. அவன் கை கல் மாதிரி இருந்தது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு, அவன் மார்பை உரசிக்கொண்டு, நிற்காமல் உள்ளே போனாள்.

அவன் கையை உயர்த்தி நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது, தொண்டை காய்ந்த குரல், அந்தப் பதினோரு நிமிஷத்தில் யாரும் கேட்டிராத குரல்.

"போகலாம்," என்றான். பிறகு இன்னொரு தடவை, வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "போகலாம். போங்க."

தோரிகா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாயை இறக்கிவைத்தாள், தோள் வலித்தது. வெளியே சின்னக்கண்ணு பஸ்ஸைக் கிளப்புகிற சத்தம் கேட்டது.